பெங்களூர் நாகரத்தினம்மாள்: பாடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்கள் தங்களுக்கென ஒரு விழா நடத்தியது எப்படி?

2018 ஆகஸ்ட். பினாங்கு ஜார்ஜ் டவுன் விழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி. மலேசியர்கள் பலர் தேசியக் கொடியோடு நிற்கும் படங்கள். அவற்றில் இரண்டு படங்கள் மட்டும் சில நாட்களில் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. ஒன்று திருநங்கை செயற்பாட்டாளர் நிஷா அயூப்பின் படம். மற்றொன்று தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைகளுக்காகப் பேசிவரும் பாங் கீ டெய்க்கின் படம். சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் கேட்டுக்கொண்டதால் அவை அகற்றப்பட்டன.

உங்களில் பலருக்கு இந்தச் செய்தி ஞாபகம் இருக்கும். சிலர் அந்தக் கண்காட்சிக்கே போயிருக்கலாம்.

அப்போது எழுந்த கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு கலை விழாவில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதை யார் முடிவு செய்வது? இடம் இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் அடுத்து என்ன செய்வது?

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை எதிர்கொண்ட ஒரு பெண்ணின் கதை இது. அவரும் ஒரு ஜார்ஜ் டவுனில்தான் வாழ்ந்தார். ஆனால் அது பினாங்கில் இல்லை, மெட்ராஸில்.

அவர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

யார் இந்த நாகரத்தினம்மாள்?

கர்நாடக இசை கேட்கும் வீட்டில் வளர்ந்திருந்தால் இந்தப் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். தியாகராஜருக்குத் திருவையாற்றில் சமாதிக் கோயில் கட்டியவர் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மைதான். ஆனா, கதை அதோட முடியல.

1878ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் இருந்த நஞ்சன்கூட்டில் நாகரத்தினம்மாள் பிறந்தார். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தந்தை ஒரு வழக்கறிஞர். மகள் குழந்தையாக இருந்தபோதே அவர் விலகிப் போய்விட்டார்.

தேவதாசி என்றால் என்ன? கோயிலுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, ஆடலும் பாடலும் கற்ற பெண்கள். அவர்களுக்குத் திருமணம் கிடையாது. சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில், இவர்கள் பல மொழிகளில் காவியம் படித்தார்கள். அதே நேரம், பணக்கார ஆண்களின் ஆதரவை நம்பித்தான் வாழ வேண்டியிருந்தது. சமூகம் அவர்களின் கலையைக் கைதட்டி ரசித்தது. அவர்களை மட்டும் தள்ளி வைத்தது.

புட்டலட்சுமி மகளை மைசூருக்கு அழைத்துச் சென்று ஒரு சம்ஸ்கிருத அறிஞரிடம் பாடம் கேட்க வைத்தார். கன்னடம், தெலுங்கு, சம்ஸ்கிருதம் மூன்றிலும் நாகரத்தினம்மாள் தேர்ந்தார். பிறகு பெங்களூரில் முனிசாமப்பா என்ற வித்வானிடம் இசை கற்றார். முனிசாமப்பா தியாகராஜரின் சீடர் வழியில் வந்தவர். பின்னாளில் இந்தத் தொடர்புதான் அவரைத் திருவையாற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பதின்ம வயதிலேயே தாயை இழந்தார். ஆனாலும் பயிற்சி நிற்கவில்லை. சுமார் 15 வயதில் மைசூரில் அரங்கேற்றம். அரண்மனை ஆதரவும் கிடைத்தது. பாட்டு, ஆட்டம், ஹரிகதை என மூன்றிலும் பெயர் எடுத்தார். அவருடைய குரலில் ஆண் குரலின் கனம் இருந்ததாகக் கேட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு ஜார்ஜ் டவுன்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகரத்தினம்மாள் மெட்ராஸுக்குக் குடிபெயர்ந்தார். குடியேறிய இடம் ஜார்ஜ் டவுன்.

பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பெயர் சொந்த ஊர்ப் பெயர். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கி, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை உங்கள் ஊருக்கு வைத்தார். மெட்ராஸின் ஜார்ஜ் டவுனுக்குப் பெயர் தந்தது ஐந்தாம் ஜார்ஜ். அதற்கு முன்னால் அந்தப் பகுதியை ஆங்கிலேயர்கள் அழைத்த பெயர் என்ன தெரியுமா? கறுப்பர் நகரம். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே மற்ற எல்லோரும். ஊர்ப் பெயரிலேயே தோலின் நிறத்தை எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தக் கறுப்பர் நகரம்தான் அந்தக் காலத்து மெட்ராஸின் இசைத் தலைநகரம். வீணை தனம்மாள் அங்கேதான் வாழ்ந்தார். வியாபாரிகளின் வீடுகளிலும் கோயில்களிலும் கச்சேரிகள் நடந்தன. வணிகர்களும் பாடகிகளும் நெருக்கமான தெருக்களில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். சூலியா ஸ்திரீட்டையும் குயின் ஸ்திரீட்டையும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

இங்கே நாகரத்தினம்மாள் பெரிய கலைஞராக உயர்ந்தார். சுமார் 30 ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஊர் ஊராகப் பயணம். கிராமஃபோன் ரெக்கார்டுகளும் வெளிவந்தன. மெட்ராஸில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவதுண்டு.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலான பெண்களுக்குச் சொந்தமா ஒரு காசு கூட இல்லாத காலம் அது. இவர் தன் உழைப்பில் சம்பாதித்தார், சொத்து வாங்கினார், செலவழிப்பதைத் தானே தீர்மானித்தார். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்தப் பணம்தான் அடித்தளம்.

ஒரு புத்தகத்துக்காக அரசோடு மோதல்

திருவையாற்றுக்குப் போவதற்கு முன், ஒரு புத்தகச் சண்டை. கலை வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அரசவையில் முத்துப்பழனி என்ற தேவதாசிப் புலவர் இருந்தார். தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் என்ற காவியம் எழுதினார். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணம் செய்து வைக்கிறாள். அதன் பிறகு பிரிவும் பொறாமையும் தாங்காமல் தவிக்கிறாள். கடைசியில் கண்ணன் வந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் இதில் ஆசைப்படுவதும், அதைச் சொல்வதும், முதலடி எடுத்து வைப்பதும் பெண்.

1887இல் வெங்கடநரசு என்பவர் இதைப் பதிப்பித்தார். பல பாடல்கள் அதில் இல்லை. முத்துப்பழனி தன் தாய், பாட்டி வழியைப் பெருமையாகச் சொல்லும் முன்னுரையையும் எடுத்துவிட்டார். தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று கடுமையாகத் தாக்கினார்.

நாகரத்தினம்மாளுக்கு முழு நூலின் பிரதி கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். விடுபட்டதை எல்லாம் சேர்த்து 1910இல் வாவில்ல பதிப்பகம் வழியாக வெளியிட்டார். முன்னுரையில் வீரேசலிங்கத்துக்கு நேரடியாகவே பதில் சொன்னார். காமச் சுவை தவறு என்றால் ஆண் புலவர்கள் எழுதியதும் தவறுதானே, வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். வீரேசலிங்கமே இதைவிட வெளிப்படையான நூல்களைப் பதிப்பிக்கத் துணை நின்றவர் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. பத்திரிகையில் கண்டனம். நூலை அரசு மொழிபெயர்ப்பாளர் ஆராய்ந்தார். ஆபாசம் என்று முத்திரை விழுந்தது. 1911இல் ஆங்கிலேய அரசு நடவடிக்கை எடுத்தது, போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அறிஞர்கள் பலர் முறையிட்டும் பலன் இல்லை.

தடை நீங்க 1947 வரை ஆனது. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த தங்குதூரி பிரகாசத்தின் காலத்தில்தான் நூலுக்கு விடுதலை கிடைத்தது. 1952இல் மறுபதிப்பு வந்தது. நாகரத்தினம்மாள் காலமானதும் அதே ஆண்டில்தான்.

ஒருவருடைய ஆசையை எழுதவோ காட்டவோ உரிமை உண்டா என்ற சண்டை இன்றைய சமூக ஊடகக் காலத்தில் புதிதாக முளைத்தது அல்ல என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சுவரிலிருந்து படத்தை இறக்குவதும், புத்தகத்திலிருந்து பாடலை வெட்டுவதும் ஒரே வேலைதான்.

திருவையாற்றில் என்ன பிரச்சினை?

1921இல் நாகரத்தினம்மாளுக்கு அவருடைய குரு முனிசாமப்பாவிடமிருந்து தகவல் வந்தது. தியாகராஜரின் சமாதி திருவையாற்றில் காவிரிக் கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதுதான் செய்தி.

தியாகராஜர் 1847 ஜனவரியில் மறைந்தவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவருடைய சீடர் வழியினர் ஆண்டுதோறும் ஆராதனை நடத்தி வந்தார்கள். ஆனால் சீக்கிரமே இரண்டு அணிகளாகப் பிரிந்துவிட்டார்கள். ஒன்று பெரிய கட்சி, மற்றொன்று சின்ன கட்சி. யார் பெரியவர், யார் முன்னால் பூஜை செய்வது, வசூல் யாருக்கு என்று வருடம் தவறாமல் தகராறு. சமாதியைக் கவனிக்க ஆளில்லை.

நாகரத்தினம்மாள் நேரில் வந்தார். புதர் மண்டிய இடத்தைப் பார்த்தார். சுற்றியிருந்த நிலத்தைப் பேசி, பணம் கொடுத்து வாங்கினார். சொந்த நகையையும் சொத்தையும் போட்டு வேலையைத் தொடங்கினார். 1920களின் நடுப்பகுதியில் சமாதிக் கோயில் கட்டி முடிக்கப்பட்டு கும்பாபிஷேகமும் நடந்தது. இன்று தொலைக்காட்சியில் ஆராதனை பார்க்கும்போது பின்னணியில் தெரிகிறதே, அந்த இடம்தான்.

சரி, கோயில் கட்டியவர் அங்கே பாடியிருப்பார்தானே?

இல்ல. விடல.

இரண்டு கட்சிகளும் எல்லாவற்றிலும் சண்டை போட்டார்கள். ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்: ஆராதனையின்போது பெண்கள் சமாதி முன் பாடக் கூடாது. நாகரத்தினம்மாளின் பணம் வேண்டும், நிலம் வேண்டும், அவர் எழுப்பிய சுவரும் கூரையும் வேண்டும். அவர் குரல் மட்டும் வேண்டாம்.

இதில் பெண் என்ற தடை மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்று பொது இடத்தில் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபினர்தான். எனவே பெண்கள் வேண்டாம் என்றால், சாதியும் பிறப்பும் பார்த்துச் சிலர் வேண்டாம் என்று அர்த்தம். அதை வெளிப்படையாகச் சொல்லாமல், மரபு என்றும் புனிதம் என்றும் காரணம் காட்டினார்கள்.

பெண்கள் கட்சி உருவான கதை

கோபித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். வழக்குப் போட்டு விழாவையே நிறுத்தப் பார்த்திருக்கலாம். நாகரத்தினம்மாள் வேறு ஒன்றைச் செய்தார். தனி விழா நடத்தினார்.

1927இல் தேவதாசிக் கலைஞர்களைத் திரட்டினார். சுமார் 40 பெண்கள் வந்தார்கள். சமாதியின் முன்பக்கம் ஆண்களின் ஆராதனை நடந்த அதே நேரத்தில், பின்பக்கம் பெண்களின் ஆராதனை நடந்தது. ஊர் இதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர் வைத்துவிட்டது.

ஒரு கலை நிகழ்ச்சி நடத்திப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள வேலை தெரியும். கலைஞர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வருபவர்களுக்கு ரயில் செலவு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் பார்க்க வேண்டும். யாருக்கு எத்தனை நிமிஷம் என்று பிரிக்க வேண்டும். எதிர்ப்பு வந்தால் சமாளிக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பும் கிடையாது, ஸ்பான்சரும் கிடையாது. கடிதமும் தந்தியும் சொந்தப் பணமும்தான்.

நாகரத்தினம்மாளிடம் மூன்று பலங்கள் இருந்தன.

முதலாவது, இடம். நிலம் அவருடைய பொறுப்பில் இருந்தது. பாடக் கூடாது என்று சொல்ல முடிந்தவர்களால் வெளியே போ என்று சொல்ல முடியவில்லை. பின்பக்கமாக இருந்தாலும் அது அவர் வாங்கிய மண்.

இரண்டாவது, காகிதம். அதிகாரிகளுக்கு மனு எழுதுவதில் அவர் சளைக்கவே இல்லை. விழா நேரத்தைப் பங்கு பிரிப்பது, வழிபாட்டு உரிமை, சமாதியின் நிர்வாகம் என ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டார். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். அது அடுத்த வருஷம் உதவும்.

மூன்றாவது, தொடர்ச்சி. ஒரு வருஷம் நடத்திவிட்டு நிறுத்தவில்லை. வருஷா வருஷம் நடந்தது, ஆண்டுக்கு ஆண்டு கலைஞர்கள் கூடினார்கள். நாளடைவில் பெண்களின் விழாவை யாராலும் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பின்னாளில் அவர் மெட்ராஸ் வாழ்க்கையை விட்டுவிட்டுத் திருவையாற்றிலேயே தங்கிவிட்டார்.

இன்னொரு போராட்டம்: சட்டமன்றத்தில்

பெண்கள் கட்சி பிறந்த அதே 1927இல் மெட்ராஸில் வேறொரு புயல் எழுந்தது. சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள் இதை எதிர்த்தார்கள். சங்கமாகக் கூடி அரசிடம் மனு கொடுத்தார்கள். தங்கள் அனைவரையும் பாலியல் தொழிலாளர்கள் என்று ஒரே வார்த்தையில் அடைக்க வேண்டாம், தங்கள் மரபு கலையையும் கல்வியையும் காத்த மரபு, தங்களைக் கலந்து பேசாமல் தங்களைப் பற்றிச் சட்டம் போடாதீர்கள் என்பது அவர்களின் நிலை.

இங்கே ஒரு பக்கம் நல்லவர், மறுபக்கம் கெட்டவர் என்று பிரித்தால் தப்பாகப் போகும். முத்துலட்சுமி ரெட்டியின் தாயும் தேவதாசி மரபைச் சேர்ந்தவர்தான். அந்த மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், சிறுமிகளுக்கு நடக்கும் கொடுமையைத் தெரிந்து, ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பேசினார். விவரம் தெரியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை மற்றவர்கள் முடிவு செய்வதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் நாகரத்தினம்மாள் பயந்ததும் நடந்தது. 1947இல் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்பே, 1930களில், சதிர் என்ற ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்று பெயர் மாறியிருந்தது. மேல்சாதிக் குடும்பப் பெண்கள் மேடைக்கு வந்தார்கள். அந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காப்பாற்றிய பெண்களில் பலர் மேடையை இழந்தார்கள். ஆட்டம் கௌரவமானது, ஆடியவர்களுக்கு அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை.

நீங்கள் பரதநாட்டியம் கற்றிருந்தால், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அடவுகள் யார் கால்களிலிருந்து வந்தவை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முன்பக்கம் வந்த பெண்கள்

1930களின் இறுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. மூன்று அணிகள், மூன்று விழாக்கள் என்று எத்தனை நாள்தான் ஓட்டுவது? பெண் பாடகர்களுக்கு ரெக்கார்டுகளிலும் சினிமாவிலும் ரசிகர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களை விலக்கி வைத்த விழாவைப் பார்த்து மக்கள் கேள்வி கேட்டார்கள்.

ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் நடுவில் நின்று பேசினார்கள். 1940களின் தொடக்கத்தில் எல்லா அணிகளும் ஒரே விழாவாக இணைந்தன. பெண்களும் சமாதி முன் பாடலாம் என்று ஆனது.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் உள்ள பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் இந்த ஒன்றுபட்ட விழாவோடு நிலைபெற்றது. இன்று திருவையாற்றில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் அமர்ந்து நூற்றுக்கணக்கில் பாடுகிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆராதனை நடக்கும் இடங்களில் பெண்கள் பாடுவதை யாரும் ஒரு செய்தியாகக் கூட நினைப்பதில்லை.

ஆனால் 1926இல் அது நடக்கவே முடியாத விஷயம். கிட்டத்தட்ட 15 வருஷம் பின்பக்கம் நின்று பாடியதால்தான் முன்பக்கம் திறந்தது.

உயிலிலும் ஒரு நிபந்தனை

நாகரத்தினம்மாளுக்கு அப்போது வயது 60ஐத் தாண்டியிருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று அவர் நிம்மதியாக இருந்துவிடவில்லை. ஒருவர் கொடுத்த அனுமதியை இன்னொருவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியும். 1910இல் வெளியிட்ட புத்தகத்துக்கு என்ன நடந்தது என்பதை மறக்கக்கூடியவரா அவர்?

எனவே உயில் எழுதினார். சமாதி நிலத்தையும் தன் சொத்தையும் ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்தார். தேவதாசி மரபினர் உள்பட எல்லாப் பெண்களும் அங்கே வழிபடவும் பாடவும் தடை இருக்கக் கூடாது என்பதை அதில் நிபந்தனையாக வைத்தார். தயவை உரிமையாக மாற்றி எழுதி வைத்த செயல் இது.

1952 மே 19 அன்று அவர் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் எழுப்பப்பட்டது. கைகூப்பிய கோலத்தில் அவருடைய சிலை, தியாகராஜரின் சமாதியைப் பார்த்தபடி இருக்கிறது. ஆராதனைக்கு வருபவர்கள் அவரைக் கடந்துதான் போக வேண்டும்.

இந்தக் கதைக்கும் இன்றைக்கும் என்ன சம்பந்தம்?

நாகரத்தினம்மாளை இன்றைய அடையாளச் சொற்களில் எதிலும் அடைக்க வேண்டியதில்லை. அவர் ஒரு தேவதாசி, ஓர் அறிஞர், ஆழ்ந்த ராம பக்தர். ஆனால் குடும்பம், திருமணம் என்ற சட்டகத்துக்கு வெளியே வாழ்ந்த பெண். அதனாலேயே தள்ளி வைக்கப்பட்டவர். தள்ளி வைக்கப்பட்டவர்கள் கூடிப் பாட ஓர் இடத்தை உண்டாக்கியவர். குவியர் கலை விழாக்களும் பெண்கள் நடத்தும் அரங்குகளும் இதே வழியில்தான் நடக்கின்றன.

உலகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களும் ஆசிய, லத்தீன், பூர்வகுடிப் பெண்களும் தங்களை வுமன் ஆஃப் கலர் என்று ஒரே பெயரில் அழைத்துக்கொள்ளத் தொடங்கியது 1970களின் இறுதியில். வெள்ளையர் பதிப்பகங்கள் இடம் தராதபோது, 1980இல் கவிஞர் ஆட்ரி லார்டும் எழுத்தாளர் பார்பரா ஸ்மித்தும் மற்ற தோழிகளும் கிச்சன் டேபிள் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். பெயருக்கு அர்த்தம் சமையலறை மேஜை. பெண்கள் கூடிப் பேசவும் வேலை செய்யவும் கிடைத்த இடம் அது.

சென்னையில் 2013 முதல் ரீல் டிசையர்ஸ் என்ற குவியர் திரைப்பட விழா நடந்து வருகிறது. திருநங்கைகள் முன்னின்று நடத்திய பன்மை நாடகக் குழு மேடை ஏறியது. பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்.

மலேசியாவில் நிலைமை வேறு. 2008இல் கோலாலம்பூரில் தொடங்கிய செக்ஷுவாலிட்டி மெர்டேக்கா விழாவில் பேச்சு, நாடகம், கண்காட்சி எல்லாம் இருந்தன. 2011இல் போலீஸ் அதற்குத் தடை விதித்தது. ஆங்கிலேயர்கள் விட்டுப்போன தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் வாரிசுகள் இன்றும் இங்கே நடப்பில் உள்ளன. இந்தியாவில், பெரியவர்கள் இருவர் மனமொத்து உறவு கொள்வதை அந்தப் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. ஜார்ஜ் டவுனில் அந்த இரண்டு படங்கள் இறக்கப்பட்ட மறு மாதம்.

ராதிகா சாந்த்வனத்தைத் தடை செய்ததும் அதே ஆங்கிலேய ஆட்சிதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம கலாசாரம் இதை ஏத்துக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த நூற்றாண்டுக் கலாசாரம் என்று கேட்கலாம். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவை ஏற்றுக்கொண்ட காவியம் அது.

நாகரத்தினம்மாள் செய்ததில் மாயமந்திரம் எதுவும் இல்லை. முதலில் சொந்தச் சம்பாத்தியம். அதில் ஒரு துண்டு நிலம். அந்த நிலத்தில் 40 பெண்கள். கேட்டதையெல்லாம் எழுத்தில் கேட்டது. வருடம் தவறாமல் நடத்தியது. கடைசியில், தனக்குப் பிறகும் கதவு மூடாமல் இருக்க உயில்.

பெரிய விழாவில் இடம் கிடைக்கவில்லை என்றால் சிறிய விழா ஒன்றை நடத்தலாம். பின்பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சிறிய விழா நடத்துபவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு, இதையும் நாகரத்தினம்மாளின் வாழ்க்கைதான் கேட்கிறது: உங்கள் மேடைக்கு வெளியே இப்போது யார் நிற்கிறார்கள்? ஆங்கிலம் வராதவரா, நுழைவுச் சீட்டுக்குக் காசு இல்லாதவரா, எஸ்டேட்டிலிருந்து வந்தவரா, குடும்பத்துக்குத் தெரியாமல் வந்திருப்பவரா?

அடுத்த ஜனவரியில் திருவையாற்று ஆராதனையை யூடியூபில் பார்க்க நேர்ந்தால், பாடும் பெண்களின் வரிசையைக் கவனியுங்கள். பின்பக்கம் நின்று பாடிய 40 பேரில் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது. அந்த வரிசைக்கு முதலில் இடம் பிடித்து வைத்தவர்கள் அவர்கள்தான்.